தென் துருவத்தில் இப்போது மணி என்ன?

அண்டார்டிகாவில் கோடை வந்துவிட்டால் வாரக்கணக்கில் சூரியன் மறைவதே இல்லை. நடு ராத்திரியிலும் வெயில் அடிக்கும் இடத்தில் மணி பார்ப்பது எப்படி?

தீர்க்கரேகை தெரிந்தால் போதும். பூமி ஒரு சுற்றுச் சுற்ற 24 மணி நேரம். ஒரு சுற்றுக்கு 360 டிகிரி. அப்படிப் பார்த்தால் மணிக்கு 15 டிகிரி, ஒரு டிகிரிக்கு 4 நிமிடம். கிரீன்விச் நேரத்தோடு, கிழக்கே இருந்தால் கூட்ட வேண்டும்; மேற்கே இருந்தால் கழிக்க வேண்டும். அவ்வளவுதான்.

இந்தியாவின் 'பாரதி' ஆய்வு நிலையம் சுமார் 76 டிகிரி கிழக்கில் இருக்கிறது. 76-ஐ நான்கால் பெருக்கினால் 304 நிமிடம், அதாவது 5 மணி 4 நிமிடம். கிரீன்விச்சில் பகல் 12 மணி அடிக்கும்போது பாரதியில் மாலை 5.04. இந்தியாவின் இன்னொரு நிலையமான 'மைத்ரி' இருப்பதோ சுமார் 12 டிகிரி கிழக்கில். அங்கே அப்போதுதான் 12.48, சாப்பாட்டு வேளை! ஒரே கண்டத்தில், ஒரே நாட்டின் இரண்டு நிலையங்களுக்குள் நான்கு மணி நேரத்துக்கும் மேல் வித்தியாசம். (சூரியனை வைத்துச் சரிபார்த்தால் சில நிமிடங்கள் முன்பின் இருக்கும்.)

துருவத்தை நெருங்க நெருங்கத்தான் சிக்கல். பூமத்திய ரேகையில் ஒரு டிகிரியைக் கடக்க 111 கிலோமீட்டர் போக வேண்டும். துருவத்தில் எல்லா தீர்க்கரேகைகளும் ஒரே புள்ளியில் வந்து கூடுவதால், போகப்போக இந்த இடைவெளி சுருங்கிவிடும். துருவத்திலிருந்து ஒரு கிலோமீட்டர் தள்ளி நின்று வட்டமடித்தால், மொத்தச் சுற்றே ஆறே கால் கிலோமீட்டர்தான். சுமார் 260 மீட்டர் நடந்தாலே ஒரு மணி நேரம் மாறிவிடும்! சரியாகத் துருவப் புள்ளியில் நின்றால்? 24 மணியும் காலடியில் இருக்கும். எதைச் சொல்வது?

அங்கே உச்சிப்பொழுது என்று ஒன்றும் கிடையாது. சூரியன் ஏறாமல் இறங்காமல், நாள் முழுக்கக் கிட்டத்தட்ட ஒரே உயரத்தில் சுற்றிவரும். 1911 டிசம்பரில் முதன்முதலாகத் தென் துருவத்தை எட்டிய நார்வே நாட்டு அமுண்ட்சென் குழுவினர், இதை வைத்தே இடத்தை உறுதி செய்துகொண்டார்கள். முறைபோட்டு விழித்திருந்து, 24 மணி நேரமும் மணிக்கொரு தடவை சூரியனின் உயரத்தை அளந்தார்கள்.

இன்று அங்கே இருப்பது அமெரிக்காவின் அமுண்ட்சென்-ஸ்காட் நிலையம். அதன் கடிகாரத்தில் ஓடுவது நியூசிலாந்து நேரம்! ஆட்களும் சாமான்களும் நியூசிலாந்தின் கிறைஸ்ட்சர்ச் நகரிலிருந்து, மெக்மர்டோ நிலையம் வழியாக விமானத்தில் வருகின்றன. விமானம் கிளம்பும் நேரமும் இறங்கும் நேரமும் இரண்டு பக்கமும் ஒன்றாக இருந்தால்தானே குழப்பம் இருக்காது?

நியூசிலாந்தில் கோடை வந்தால், பகல் வெளிச்சத்தை வீணாக்கக் கூடாது என்று கடிகாரத்தை ஒரு மணி நேரம் முன்னால் தள்ளிவைப்பார்கள். துருவத்தில் அப்போது ஆறு மாதப் பகல். இருந்தாலும் அங்கேயும் தள்ளிவைக்கிறார்கள்.