முன்பக்கம் மட்டும் பிழைத்தது

கைபேசித் திரையிலும் ஆல்பம் உறைக்கு மவுசு குறையவில்லை. காணாமல் போனது கலைஞர்களின் பெயர்கள்

கண்ணைப் பறிக்கும் பச்சை. நடுவே மங்கலாக ஒரே ஒரு ஆங்கிலச் சொல். பாடகியின் முகம்கூட இல்லை. பிரிட்டிஷ் பாப் பாடகி சார்லி எக்ஸ்சிஎக்ஸ் 2024 ஜூனில் வெளியிட்ட 'பிராட்' ஆல்பத்தின் உறை இது. ரசிகர்கள் பலர் முதலில் முகம் சுளித்தார்கள். சில வாரங்களில் அவர்களே அதே பச்சையில் தங்கள் வாசகங்களை எழுதிப் பரப்பினார்கள். ஜூலையில் கமலா ஹாரிஸின் தேர்தல் பிரசாரக் குழுவும் தன் சமூக ஊடகப் பக்கத்துக்கு அந்தப் பச்சையைப் பூசிக்கொண்டது. 2025இல் ஆல்பம் வடிவமைப்புக்கான கிராமி விருதும் அதற்கே கிடைத்தது.

இசைத்தட்டோடு உறைக் கலையும் முடிந்தது என்று நினைத்தவர்களுக்கு இது ஆச்சரியம். 1930களின் இறுதிவரை தட்டுகள் பெரும்பாலும் சாதாரண காகித உறையில்தான் வந்தன. அமெரிக்காவின் கொலம்பியா நிறுவனத்தில் அலெக்ஸ் ஸ்டைன்வைஸ் படம் வரையத் தொடங்கிய பிறகு, உறையே விற்பனையாளர் ஆனது. 1948இல் அறிமுகமான எல்.பி., ஓவியர்களுக்கு 12 அங்குலச் சதுரத்தைக் கொடுத்தது. 1967இல் பீட்டில்ஸின் 'சார்ஜன்ட் பெப்பர்' உறையில் பிரபலங்களின் பெருங்கூட்டமே நின்றது. கேசட்டும் சி.டி.யும் அந்த இடத்தைச் சுருக்கின. செயலிகளில் மிஞ்சியிருப்பது கட்டைவிரல் அளவு. அதில் கூட்டத்துக்கு இடமில்லை. ஒரு நிறம், ஒரு முகம் அல்லது ஒரு சொல்: இதுதான் இன்றைய சூத்திரம். ஆயிரக்கணக்கான சதுரங்களுக்கு நடுவே விரலை நிறுத்த வைப்பது உறையின் வேலை.

முன்பக்கம் தப்பித்துவிட்டது. பின்பக்கம்? ரவிசங்கரின் எல்.பி.யைத் திருப்பினால் ராகம், தாளம், தபலா வாசித்தவர் பெயர் எல்லாம் இருக்கும். ராகத்துக்குச் சின்ன விளக்கமும் உண்டு. இந்திய ரசிகர்களில் பலருக்கு அதுதான் முதல் இசைப் பாடம். செயலிகள் சிலவற்றில் இன்று பங்களித்தவர் பட்டியல் உண்டு. ஆனால் தேடிப் போய்த் திறக்க வேண்டும். திறந்தாலும் பக்கவாத்தியக்காரர் பெயர் இருக்கும் என்று உத்தரவாதமில்லை. மேடையில் பக்கத்தில் அமர்ந்தவருக்கு இந்தப் பெயர்தான் அடுத்த கச்சேரிக்கான விலாசம்.

2026 கிராமியில் உறைக்கென்றே தனி விருதுப் பிரிவு மீண்டும் வந்துவிட்டது. அட்டையின் மறுபக்கத்துக்குத்தான் இன்னும் சரியான இடம் கிடைக்கவில்லை.