சவ்வு நீங்கினால்தான் ஒட்டும்

பயிற்சிக்குப் போன பட்டறையில், தேய்ந்த பம்ப் ஷாப்ட் ஒன்றுக்கு மெட்டல் ஸ்பிரே செய்தோம். மறுவாரமே பூச்சு பொருக்குப் பொருக்காக உரிந்தது. "டிப்ளமோ படிக்கிறியே, ஏன்னு சொல்லு" என்றார் ஓனர். விழித்தேன்.

வீட்டில் சொன்னபோது, ஆம்பூர் தோல் ஷாப்பில் வேலை செய்யும் அப்பா சிரித்தார்: "சவ்வு சுரண்டாம மருந்து இறங்குமாடா?"

அதேதான் நண்பர்களே! ஸ்பிரே பூச்சு, வெல்டிங் போல உருகிக் கலப்பதில்லை. உருகிய துளிகள் சொரசொரப்பான பரப்பின் பள்ளங்களில் அப்பி இறுகிப் பிடிக்கின்றன. இடையில் ஆக்சைடு இருந்தால் துளி பிடிப்பது இரும்பை அல்ல, துருவை! துரு உதிர்ந்தால் பூச்சும் போச்சு. நாங்கள் மாலையில் கிரிட் பிளாஸ்டிங் செய்து, மறுநாள் ஸ்பிரே செய்திருந்தோம். உப்பும் ஈரமும் உள்ள இடத்தில் துருவுக்கு ஓரிரவு போதாதா?

பறக்கும் துளியின் மேலும் ஆக்சைடு படரும். அலுமினியம் 660 டிகிரியில் உருகும். அதன் ஆக்சைடு உருக 2000 டிகிரிக்கு மேல் வேண்டும். எனவே ஸ்பிரே கன்னை ரொம்பத் தள்ளிப் பிடிக்கக் கூடாது. ஜாப்பை நீலம் பாயச் சூடேற்றினாலும் ஆக்சைடுதான்.

பிளாஸ்டிங் முடிந்த சில மணி நேரத்துக்குள், கை படாமல், ஸ்பிரே செய்யுங்கள். அப்படிச் செய்த இரண்டாவது பூச்சு உரியவில்லை. ஓனரிடம் காரணத்தைச் சொன்னேன். பாதி அப்பா சொன்னது என்பதையும் சொன்னேன்.