உங்களுக்குத் தெரியுமா? ‘மெஸ்’ஸில் குழப்பம் நுழைந்த கதை

திருவல்லிக்கேணி மேன்ஷன்வாசிக்கு ‘மெஸ்’ என்றால் வாழையிலை, வத்தக்குழம்பு, ரசம். அகராதியிலோ அதே சொல்லுக்குக் குளறுபடி, அலங்கோலம் என்றும் பொருள். இரண்டில் மூத்தது சாப்பாடுதான்! ‘அனுப்பு’ என்று பொருள்படும் லத்தீன் வேரிலிருந்து வந்த சொல், பழைய பிரெஞ்சில் பந்திக்கு வரும் பதார்த்தமாகி, ஆங்கிலத்தில் உணவாயிற்று. பிறகு சேர்ந்து உண்ணும் கூட்டத்துக்கும் அதுவே பெயர். லண்டன் வழக்கறிஞர் சங்கங்களான ‘இன்ஸ் ஆஃப் கோர்ட்’ விருந்துகளில் நாலு பேர் சேர்ந்தால் ஒரு மெஸ். கண்டதையும் கலந்த கூழ் என்ற ஏளனம் முற்றி, 19ஆம் நூற்றாண்டில் ‘குழப்பம்’ ஆனது.

மேன்ஷனை மட்டும் விடுவானேன்? ரோமானியச் சாலைகளில் பயணிகள் இராத்தங்கும் விடுதிக்குப் பெயர் ‘மான்சியோ’. மாளிகைப் பகட்டெல்லாம் பின்னால் வந்ததுதான்.