திருச்சி வெஞ்ஜென்ஸ்

எல்லோரும் ரிமோட்டில் பறக்க ஸ்பிட்ஃபயர் விமான மாடல் செய்கிறார்கள். எனக்கு வல்ட்டி வெஞ்ஜென்ஸ்தான். 1942 டிசம்பர் 1 அன்று நம்ம திருச்சியில் உருவான இந்திய விமானப்படையின் 8ஆம் பிரிவு ஓட்டிய அமெரிக்கக் குண்டுவீச்சு விமானம். பார்க்க அழகில்லை, ஊர்ப்பாசம்!

ஸ்ரீரங்கம் உத்தர வீதி மொட்டைமாடியில், பதினாறில் ஒரு பங்கு அளவில், பால்சாவும் ஃபோமும் வைத்துச் செய்தேன். இறக்கை 3 அடி. அசலில், செங்குத்தாகப் பாய்வதற்காக இறக்கையை உடலோடு சாய்வே இல்லாமல் பொருத்தினார்கள். அதனால் நேராகப் பறக்கும்போது மூக்கைத் தூக்கிக்கொண்டே போகும். மாடலும் அப்படித்தான், வாலிலுள்ள எலிவேட்டரைக் கொஞ்சம் மேலே வைக்கவேண்டும்.

அதற்குமுன் எடைமையம். பேட்டரியை முன்னே தள்ளி, விரல்நுனிகளில் நிறுத்திப் பார்ப்பேன். வால் கனத்தால் எந்த டிரிம்மும் காப்பாற்றாது. பிறகு கொள்ளிடம் தாண்டி, அறுத்த வயலில் முதல் வீச்சு. இடப்பக்கம் சாய்ந்தால் இறக்கையிலுள்ள ஏலரானுக்கு, ரிமோட்டின் டிரிம்மில் வலப்பக்கம் இரண்டு க்ளிக்.