கன்னித்தீவு அடிமைகளும் இடக்கொச்சி இஸ்திரி வண்டியும்

இடக்கொச்சியிலிருந்து அரூர் பாலத்துக்குப் போகிற வழியில் ஒரு இஸ்திரி வண்டி நிற்கிறது. அதன் பலகையில், கையில் வாளோடு மக்கள் திலகம் எம்.ஜி.ஆர். சிரிக்கிறார். கரிப்புகை பட்டுப் படம் பழுத்துவிட்டது. வண்டிக்காரர் அதை மாற்றுவதாக இல்லை.

எழுபதை நெருங்கும் அந்தப் பெரியவரை மலையாளிகள் "அண்ணாச்சி" என்று கூப்பிடுவார்கள். சிலர் அன்பாக, சிலர் ஏளனமாக. ஏளனம் செய்தவர்களிடம் அவர் ஒன்றே ஒன்று சொல்வார்: "எங்க வாத்தியார் குடும்பமே உங்க பாலக்காட்டு வடவன்னூர்தானே!"

அவருக்கு உயிர், "ஆயிரத்தில் ஒருவன்". பி.ஆர்.பந்துலு எடுத்து 1965-ல் வெளிவந்த வண்ணப் படம். எம்.ஜி.ஆரும் ஜெயலலிதாவும் முதன்முதலாகச் சேர்ந்து நடித்தது. அதன் பிறகு 27 படங்களில் இருவரும் ஜோடி சேர்ந்தார்கள். கதைக்கு மூலம் "கேப்டன் பிளட்" என்ற ஆங்கிலப் படம். அது இவருக்குத் தெரியாது; தெரிந்தாலும் கவலைப்பட மாட்டார்.

டூரிங் டாக்கீஸில்

படம் திருநெல்வேலிச் சீமையில் இவருடைய கிராமத்துக்கு வந்து சேர ஒரு வருஷம் ஆயிற்று. இவருக்கு அப்போது பத்து வயது. மணலைக் குவித்து மேடாக்கி, அதன் மேல் உட்கார்ந்து பார்த்தார். நம்பியார், மனோகர், ராமதாஸ் என்று எதிரிகள் வரிசையாக வர, வாள் மின்னும்போதெல்லாம் கூடாரமே எழுந்து நின்றது. நடுவில் பிலிம் அறுந்தால் விசில் பறக்கும்.

ஆனால் அவர் மனசில் தங்கியது வாள் சண்டை மட்டும் அல்ல. நெய்தல் நாட்டு வைத்தியன் மணிமாறனையும் மற்றவர்களையும் கன்னித்தீவில் அடிமைகளாக விற்கும் காட்சி வந்தபோது, பக்கத்தில் இருந்த அப்பா பேச்சை நிறுத்திவிட்டார். செங்கல் சூளையில் வாங்கிய முன்பணத்துக்காகக் குடும்பத்தோடு கட்டுப்பட்டுக் கிடந்தவர் அவர். கொத்தடிமை ஒழிப்புச் சட்டம் வந்தது 1976-ல்தான். வீட்டுக்குத் திரும்பும்வரை அப்பா மகனின் தோளில் வைத்த கையை எடுக்கவில்லையாம்.

"எனக்கு மட்டும் வேண்டாம்"

1978-ல் கொச்சிக்கு வந்தார். கட்டிட வேலை. கூட வந்தவர்கள் பதினான்கு பேர். ஆறு வாரக் கூலி நின்றுபோயிற்று. ஓர் இரவு காண்டிராக்டர் இவரை மட்டும் தனியே அழைத்தார். "உன் கணக்கைத் தீர்த்துத் தருகிறேன். யாரிடமும் சொல்லாமல் ஊருக்குப் போய்விடு" என்றார்.

படத்தில் இளவரசி பூங்கொடி விடுதலை தர முன்வரும்போது, தன் தோழர்களை விட்டுவிட்டுத் தான் மட்டும் போக மணிமாறன் சம்மதிக்கமாட்டான். இவரும் மறுத்துவிட்டார். பதினைந்து பேரும் மூன்று நாள் வேலைக்கு இறங்கவில்லை. நாலாம் நாள் கூலி வந்தது, பிடித்தம் போக. அதோடு அந்த இடத்தில் இவருக்கு வேலையும் போயிற்று. அதன் பிறகுதான் இஸ்திரிப் பெட்டி.

"படம் கொடுத்த துணிச்சல்" என்கிறார் அவர். "வீட்டுல அரிசி இல்ல, அதான் துணிச்சல்" என்கிறார் மனைவி. அந்த அம்மாள் சொல்வதிலும் நியாயம் இருக்கிறது.

மீண்டும் வெள்ளித்திரையில்

2014 மார்ச்சில் படத்தைப் புதுப்பித்து டிஜிட்டல் முறையில் வெளியிட்டார்கள். சென்னையில் 175 நாளைத் தாண்டி ஓடியது. செய்தி தெரிந்ததும் பெரியவர் இரண்டு நாள் வண்டியை மூடினார். எர்ணாகுளத்தில் ஆலப்பி எக்ஸ்பிரஸ் பிடித்து, பொதுப் பெட்டியில் விடிய விடிய உட்கார்ந்து சென்னை சென்ட்ரலில் இறங்கினார். விசாரித்துக்கொண்டே எழும்பூர் ஆல்பட் தியேட்டருக்கு நடந்தார்.

அங்கே அவருக்கு ஓர் அதிர்ச்சி. கப்பல் சண்டையில் அவர் பார்த்தே இராத காட்சிகள் வந்தன! டூரிங் டாக்கீஸுக்கு வந்த பிரதி அறுந்து அறுந்து ஒட்டியது. 48 வருஷமாக மனசுக்குள் அவர் ஓட்டிப் பார்த்ததும் அந்த ஒட்டுப் போட்ட படத்தைத்தான். முழுப் படத்தைப் பார்த்தபோது அவருக்கு வயது 58.

"எங்க அப்பாவும் முழுசாப் பார்க்கலையே" என்று அதைத்தான் இப்போதும் சொல்கிறார். சொல்லிவிட்டு, பெட்டியின் கரியை ஊதி, அடுத்த சட்டையை விரிக்கிறார்.