கைப்பற்றியவன் கையில் தங்காத தளம்

ஓடுதளங்களின் கதை – 9

லிபியாவின் கிழக்குக் கோடியில், தொப்ரூக் துறைமுகத்துக்குத் தெற்கே சுமார் 25 கிலோமீட்டர் தள்ளி எல் ஆடெம் என்றோர் இடம் இருக்கிறது. பெயர் சொல்லும்படி ஆறோ தோப்போ இல்லாத பொட்டல். இத்தாலியர்கள் அந்நாட்டை ஆண்டபோது அங்கே ஒரு ராணுவ விமானதளம் அமைத்தார்கள். இரண்டாம் உலகப் போரில், 1941 ஜனவரியில் பிரிட்டிஷ் படை அதைப் பிடித்தது. ஏப்ரலில் ரோம்மலின் ஜெர்மானியப் படை பறித்துக்கொண்டது. டிசம்பரில் மறுபடி பிரிட்டன், 1942 ஜூனில் மறுபடி ஜெர்மனி, நவம்பரில் மீண்டும் பிரிட்டன். இரண்டு ஆண்டுகள்கூட முடியவில்லை, தளம் ஐந்து முறை கைமாறிவிட்டது. அந்த 1942 ஜூனில் எல் ஆடெமைக் காத்து நின்றது 29ஆவது இந்தியக் காலாட்படைப் பிரிகேட். சுற்றிலும் இருந்த அரண்கள் ஒவ்வொன்றாக விழ, சில நாட்கள் தாக்குப்பிடித்து, ஜூன் 17 விடிவதற்குள் அது வெளியேறியது. நான்கு நாளில் தொப்ரூக்கும் விழுந்தது. இத்தனை முறை கைமாறிய இடத்தை எந்தத் தரப்பு ‘வென்றது’ என்று சொல்வது? விமானதளத்தைப் பிடிப்பது வேறு, வைத்திருப்பது வேறு என்பதே இந்த வாரக் கட்டுரையின் வாதம். ஓடுதளம் துப்பாக்கிக்குப் பணியும். தளம், பட்டறை வைத்திருப்பவனிடம்தான் தங்கும்.

பாலைவனத்தில் ஒரு தளத்தைப் பிடித்தவர்களுக்கு முதல் நாளில் என்ன கிடைத்தது என்று பார்த்தால் விஷயம் விளங்கும். விட்டுப்போனவன் விமானங்களை உடைத்திருப்பான், எண்ணெயைக் கொளுத்தியிருப்பான், தரையில் கண்ணிவெடி புதைத்திருப்பான். மிஞ்சுவது சமதளமான மண். அந்த மண்ணுக்கு வடஆப்பிரிக்காவில் பஞ்சமே கிடையாது. கிடைக்காதவை பெட்ரோலும் குடிநீரும் உதிரிபாகங்களும்தான். பிரிட்டிஷ் படை தன் பெட்ரோலை நான்கு காலன் தகரடின்களில் அனுப்பியது. மெல்லிய தகரம், லாரி குலுங்கினால் தையல் விட்டு ஒழுகும். மொத்தத்தில் சுமார் 30 சதவீதம் வழியிலேயே வீணானதாகத் தளபதி ஆக்கின்லெக் மதிப்பிட்டார். ஜெர்மானியர்களிடம் இருந்ததோ தகட்டை அழுத்தி உருவாக்கிய, மூன்று கைப்பிடி வைத்த உறுதியான கேன். பிடிபட்ட தளங்களிலும் கிடங்குகளிலும் பிரிட்டிஷ் சிப்பாய்கள் ஆசையாகத் தேடி எடுத்தது அந்தக் கேனைத்தான். ஜெர்மானியரை அவர்கள் ‘ஜெர்ரி’ என்று கூப்பிடுவார்கள். அதிலிருந்து வந்ததே இன்று நாம் தண்ணீருக்கும் டீசலுக்கும் எடுத்துப்போகும் ஜெர்ரிகேனின் பெயர். ஓடுதளம் ஐந்து முறை கைமாறியது. போர் முடிந்தும் உலகம் முழுக்க நிலைத்தது ஒரு கேன்.

அந்தப் போரின் போக்கு மாறியதற்குப் பிரிட்டிஷ் தளபதி மாண்ட்கோமரியின் பெயரைச் சொல்வது வழக்கம். அதற்கு ஓராண்டு முன்னரே கெய்ரோவில் வேறொரு மாற்றம் நடந்திருந்தது. 1941இல் மத்தியக் கிழக்கு விமானப்படையின் தலைமைக்கு டெடர் வந்தார். பழுதுபார்க்கும் பொறுப்பு முழுவதையும் அவர் கிரஹாம் டாசன் என்ற ஒரே அதிகாரியிடம் கொடுத்தார். பாலைவன மணல் என்ஜினின் ஆயுளைத் தின்றுகொண்டிருந்த காலம் அது. டாசன் நகரத்துச் சந்துகளில் இருந்த சின்னச் சின்ன ஒர்க்‌ஷாப்புகளைக்கூட வேலைக்குச் சேர்த்தார். பிரமிடுகளுக்குக் கல் வெட்டிய தூரா குகைகளை என்ஜின் பட்டறைகளாக்கினார். முன்னணியில் நொறுங்கி விழுந்த விமானத்தை மணலில் விட்டுவிடாமல் லாரியில் ஏற்றிக் கொண்டுவரத் தனிப் பிரிவுகள் இருந்தன. அதே வேளையில் ஜெர்மானியர்கள் தங்கள் விமானங்களை மணலிலேயே விட்டுவிட்டுப் பின்வாங்கினார்கள். எகிப்தின் அலமேனில் பிரிட்டன் பெற்ற வெற்றிக்குப் பிறகு 4ஆவது இந்தியப் பிரிவுக்குக் கிடைத்த வேலை போர்க்களத்தில் சிதறிக் கிடந்த தளவாடங்களைப் பொறுக்கிச் சேர்ப்பது. மதராஸ் சாப்பர்ஸின் 12ஆவது ஃபீல்டு கம்பெனி அந்தப் பிரிவைச் சேர்ந்தது. முன்னேறும் படையோடு போகவிடாமல் பழைய இரும்பு பொறுக்க வைத்துவிட்டார்களே என்று பிரிவின் தளபதி டக்கர் மனம் கசந்தார். அவருடைய கசப்பு நியாயம்தான். ஆனால் அந்தப் போரை ஓட்டிக்கொண்டிருந்தது அப்படிப் பொறுக்கிச் சேர்த்த இரும்பு.

இதற்கு வலுவான மறுப்பு ஒன்று உண்டு. இடத்துக்கே மதிப்பு உண்டு, பிடித்த நொடியிலேயே அது பலன் தரும் என்பார்கள். சான்றும் இருக்கிறது. 1942 இறுதியில் மால்டா தீவு பட்டினியின் விளிம்பில் இருந்தது. லிபியாவின் மார்த்தூபா விமானதளங்கள் நவம்பர் நடுவில் பிரிட்டன் கைக்கு வந்தன. அங்கிருந்து பறந்த விமானங்களின் பாதுகாப்பில் நான்கு சரக்குக் கப்பல்கள் நவம்பர் 20 அன்று மால்டாவை அடைந்தன. சில நாட்கள் தவறியிருந்தால் அந்தத் தீவின் கதி வேறாகியிருக்கும். மறுக்க முடியாத உண்மை இது. ஆனால் பிடித்த கையோடு அந்தத் தளங்களிலிருந்து எப்படிப் பறக்க முடிந்தது என்று அடுத்த கேள்வியைக் கேட்க வேண்டும். ஒவ்வொரு ஸ்குவாட்ரனின் தரைப்பணியாளர்களும் இரண்டு அணிகளாகப் பிரிக்கப்பட்டிருந்தார்கள். ஓரணி பழைய தளத்தில் விமானங்களை அனுப்பிக்கொண்டிருக்கும்போதே மற்றோரணி எண்ணெயும் கருவிகளுமாகக் காலாட்படையின் பின்னால் புதிய தளத்துக்குப் போய்விடும். விமானம் வந்து இறங்கும்போது ஃபிட்டர் அங்கே காத்திருப்பார். மார்த்தூபாவின் இடம் முக்கியம்தான். அந்த இடத்துக்கு உயிர் கொடுத்தது லாரியில் ஏறிவந்த பட்டறை.

போர் முடிந்த பிறகும் எல் ஆடெம் பிரிட்டனிடமே இருந்தது. 1969 செப்டம்பரில் கடாஃபி ஆட்சியைப் பிடித்தார். 1970 மார்ச் 28 அன்று பிரிட்டிஷ் விமானப்படை தளத்தைக் காலிசெய்தது. தளத்துக்கு கமால் அப்துல் நாசர் என்று பெயர் மாறியது. அந்த நாள் லிபியாவில் கொண்டாட்ட நாளானது. ஒரு குண்டுகூட வெடிக்காமல் கிடைத்த வெற்றி. அதற்கு முன்பே பிரான்சிடம் 110 மிராஜ் போர் விமானங்களுக்கு ஆர்டர் போயிருந்தது. எண்ணெய்க் காசு தாராளமாக இருந்தது, விமானங்களும் வந்தன. ஓட்டவும் பராமரிக்கவும் மட்டும் வெளிநாட்டாரை நம்ப வேண்டியிருந்தது. முடிவு எங்கே போய் நின்றது தெரியுமா? 2004இல் அந்த மிராஜ்களில் 50ஐப் பாகிஸ்தான் வாங்கியது, பெரும்பாலும் உதிரிபாகங்களுக்காக. காம்ராவில் உள்ள மிராஜ் மறுசீரமைப்பு ஆலையில் 1970களிலிருந்தே அவர்கள் கைத்தேர்ச்சியை வளர்த்திருந்தார்கள். அதனால் அரதப்பழசான விமானங்களையும் பறக்கவைக்க முடிந்தது. விமானத்தைக் காசு கொடுத்து வாங்கியவர் கையில் அது பழைய இரும்பானது. பட்டறை வைத்திருந்தவர் கையில் அதே இரும்பு மறுபடி விமானமானது.

நம் ஊருக்கு வருவோம். பல்லடத்திலிருந்து கோவைக்குப் போகும் திருச்சி சாலையை ஒட்டிய சூலூர் பாலைவனமல்ல. மலையின் மழைமறைவில் காய்ந்து கிடந்த மேட்டாங்காடு. இரண்டாம் உலகப் போரில் பிரிட்டிஷ் அரசு அங்கே விமானதளம் போட்டது. 1942 ஆகஸ்ட் 26 இரவு, ‘வெள்ளையனே வெளியேறு’ போராட்டக்காரர்கள் உள்ளே புகுந்து கொட்டகைகளுக்கும் லாரிகளுக்கும் தீவைத்தார்கள். அன்று அவர்கள் தளத்தைப் பிடித்து வைத்துக்கொள்ளவில்லை, அது அவர்கள் நோக்கமும் அல்ல. ஆனால் பெரும் படைகள் மணலில் கற்ற பாடம் அந்தத் தீயிலும் தெரிகிறது. தளத்தின் நரம்பு ஓடுதளத்தில் இல்லை. கொட்டகையிலும் லாரியிலும் இருக்கிறது. அதே ஆண்டுகளில் பிரிட்டிஷ் கடற்படை ‘கருடா’ என்ற பெயரில் விமானப் பழுதுபார்ப்புத் தளம் ஒன்றைக் கோவையில் நடத்தியது. போரின் கடைசிக் கட்டத்தில் சூலூரும் ‘வைரி’ என்ற பெயரில் அதன் கைக்கு வந்தது. கடலே இல்லாத ஊரில் கடற்படைக்கு என்ன வேலை என்று தோன்றலாம். 1930களில் பைக்காரா மின்சாரம் வந்து மில்கள் பெருகிய ஊர் இது. 1937இல் இந்தியாவின் முதல் மின் மோட்டாரைச் செய்த ஊர். லேத்தும் ஃபவுண்டரியும் பழகிய கைகள் இருக்கிற இடத்துக்குப் பழுதான விமானம் வந்து சேர்ந்ததில் வியப்பில்லை.

சுதந்திரத்துக்குப் பிறகு இந்தியக் கடற்படையும் இதே வழியில் வந்தது. 1961 செப்டம்பர் 5 அன்று சூலூரில் ஐ.என்.எஸ். ஹன்சா தொடங்கப்பட்டது. அடுத்த மூன்றே மாதத்தில் கோவா விடுதலை. டிசம்பர் 18 அன்று 12 கேன்பரா விமானங்கள் போர்த்துகீசியரின் டபோலிம் ஓடுதளத்தில் குண்டு பொழிந்தன. ஆனாலும் அன்றிரவே போர்த்துகீசியர்கள் பள்ளங்களை அவசரமாக மூடி, இரண்டு பயணிகள் விமானங்களைக் கராச்சிக்குத் தப்பவிட்டார்கள். மண்வெட்டியும் ஆளும் இருந்ததால், குண்டுவீசி முடக்கிய ஓடுதளம்கூட ஓர் இரவுக்கு உயிர்பெற்றது. பிடிபட்ட டபோலிம் 1962இல் கடற்படையிடம் வந்தது. ஹன்சா 1964 ஜூனில்தான் சூலூரிலிருந்து அங்கே குடிபெயர்ந்தது. கோவாவைப் பிடிக்க ஓரிரு நாளே ஆனது. பிடித்த தளத்தில் முழுக்கக் குடியேற இரண்டரை ஆண்டு ஆனது.

இன்றைய சூலூருக்கும் இந்தக் கணக்கு பொருந்தும். 5 பி.ஆர்.டி. என்று வட்டாரத்தில் அறியப்படும் பழுதுநீக்கும் பணிமனை அங்கே இருக்கிறது. தேஜஸ் பறக்கும் 45ஆவது ஸ்குவாட்ரன் 2018இல் அங்கே வந்தது; 18ஆவது ஸ்குவாட்ரன் 2020 மே 27 அன்று தேஜசைப் பெற்றது. உள்நாட்டில் வடிவமைத்த போர் விமானம் நம் வட்டாரத்திலிருந்து பறப்பது பெருமைதான். ஆனால் அதன் என்ஜின் அமெரிக்காவின் ஜெனரல் எலெக்ட்ரிக் தயாரிப்பு. புதிய தேஜஸ்களுக்காக 2021இல் 99 என்ஜின்களுக்கு ஒப்பந்தம் போடப்பட்டது. முதல் என்ஜின் 2025 மார்ச்சில்தான் வந்தது. அதுவரை உடற்கூடு தயாராகியும் விமானப்படைக்கு அந்தப் புதிய தேஜஸ்கள் வரவில்லை. நாமே வடிவமைக்கத் தொடங்கிய காவேரி என்ஜின் 1989இல் ஆரம்பித்தது. 2008இல் தேஜஸிலிருந்து பிரிக்கப்பட்டது. இங்கே இன்னொரு மறுப்பு வரும்: ஸ்வீடனின் கிரிபென் விமானத்திலும் அமெரிக்க என்ஜின்தானே? ஆமாம். ஆனால் முதல் தலைமுறை கிரிபெனுக்கு அந்த என்ஜினை ஸ்வீடனின் வால்வோ நிறுவனம் தன் தேவைக்கேற்ப மாற்றி, தன் ஆலையிலேயே பூட்டியது. வாங்குவதில் குறையில்லை, வாங்கியதைப் பிரித்துப் பூட்டும் அறிவையும் சேர்த்து வாங்காததுதான் குறை.

திருப்பூர்க்காரருக்கு இதை விளக்கவே வேண்டியதில்லை. ஜெர்மனியிலிருந்தோ ஜப்பானிலிருந்தோ நிட்டிங் மிஷினை இறக்குவது பணம் இருப்பவர் எவருக்கும் முடியும். ஓர் ஊசி கெட்டுத் துணியில் கோடு விழும்போது, சிங்கர் தேய்ந்து துணி தரம் கெடும்போது, அந்த மிஷின் யாருடையது என்பது மெக்கானிக்கின் கையில் தெரியும். மெக்கானிக் இல்லாத ஷெட்டில் இருப்பது மிஷின் அல்ல, தவணை. எல் ஆடெம் ஐந்து முறை கைமாறிவிட்டு அதே மணலில் கிடந்தது. சூலூரிலிருந்து எழும்பும் தேஜசின் என்ஜினை இந்த வட்டாரத்துக் கைகளே பிரித்துப் பூட்டிச் செய்தும் தரும் நாளில்தான், 1942இல் தீவைத்துக் கேட்ட கேள்விக்கு முழு விடை கிடைக்கும். அதுவரை ஓடுதளம் நம்முடையது. தளம் பாதிதான் நம்முடையது.