கொள்ளுப்பாட்டியின் பெயர் என்ன?

ஆடி அமாவாசையன்று காலையில் கொடுமுடிக் காவிரிக் கரைக்குப் போனால் ஒரு வேடிக்கை பார்க்கலாம். ஈரோடு, கரூர், நாமக்கல் பக்கமிருந்து வந்த கூட்டம் படித்துறையில் நெருக்கியடித்துக்கொண்டு நிற்கும். எள்ளும் தர்ப்பையும் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருக்கும் ஐயர், எதிரில் இருப்பவரிடம் ஒவ்வொரு பெயராகக் கேட்பார்.

"அப்பா பேரு?" பதில் உடனே வரும். "தாத்தா பேரு?" அதுவும் வந்துவிடும். "தாத்தாவுக்கு அப்பா?" இங்கே திணறல் ஆரம்பிக்கும். ஈர வேட்டியோடு செல்போனைத் தேடி எடுத்து, ஊரில் இருக்கும் அத்தைக்கு அடிப்பார்கள். "அத்தை, நம்ம அப்பாரோட அய்யன் பேரு என்னங்?" அத்தைக்குத் தெரிந்திருந்தால் பிழைத்தார்கள். அடுத்தது பெண்கள் வரிசை. "அப்பாவோட பாட்டி பேரு?" பெரும்பாலும் அத்தைக்கும் தெரியாது. பெயர் தெரியாவிட்டால் உறவைமட்டும் சொல்லி எள்ளும் தண்ணீரும் விட்டுவிடுவார்கள்.

நீத்தாருக்கு எள்ளுத் தண்ணீர் இறைக்கும் இந்தச் சடங்கு மூன்று தலைமுறைப் பெயர்களைத்தான் கேட்கிறது. மூன்றுக்கே இந்தப் பாடு.

சரி, கண்ணுகளா, உங்கள் கணக்கைப் பார்ப்போம். கொங்கு நாட்டுப் பிள்ளைகளுக்கு இது சுலபம், ஏனென்றால் இங்கே ஒவ்வொருவருக்கும் தனித்தனி அழைப்பு இருக்கிறது. அப்பாவின் அப்பா அப்பாரு, அப்பாவின் அம்மா ஆத்தா, அம்மாவின் அப்பா அப்பிச்சி, அம்மாவின் அம்மா அமுச்சி. ஆக நாலு பேர். அவர்கள் ஒவ்வொருவருக்கும் அப்பா அம்மா உண்டு, அது எட்டுப் பேர். இந்த எட்டுப் பேரில் எத்தனை பேருடைய பெயர் உங்களுக்குத் தெரியும்? காகிதத்தில் எழுதிப் பாருங்கள். இரண்டு பெயர் எழுதினாலே நீங்கள் கெட்டிக்காரர்.

மேலே போகப்போக இந்த எண் இரட்டிப்பாகும். பத்துத் தலைமுறைக்கு முன்னால் 1,024 பேர். இருபதுக்கு முன்னால் பத்து லட்சத்தைத் தாண்டும். முப்பது தலைமுறைக்கு? 1,07,37,41,824 பேர். நூற்றேழு கோடிக்கும் மேல்!

ஒரு தலைமுறைக்கு 25 வருஷம் என்று வைத்தால் முப்பது தலைமுறை என்பது 750 ஆண்டு. கிட்டத்தட்ட காலிங்கராயன் வாய்க்கால் வெட்டிய காலம். பவானிக்குப் பக்கத்தில் பிரிந்து, ஈரோட்டைத் தொட்டு, சுமார் 90 கிலோமீட்டர் வளைந்து வளைந்து வந்து, கொடுமுடிக்கு அருகே நொய்யலாற்றில் சேர்கிற அதே வாய்க்கால்தான். மஞ்சளுக்கும் கரும்புக்கும் இன்றைக்கும் அதில் தண்ணீர் பாய்கிறது. அந்த 13-ஆம் நூற்றாண்டில் உலகம் முழுக்க இருந்த மக்கள்தொகையே நாற்பது கோடியைச் சுற்றித்தான் இருந்திருக்கும் என்கிறார்கள். உங்கள் ஒருவருடைய முன்னோர்மட்டும் நூற்றேழு கோடி என்றால் கணக்கு எங்கோ இடிக்கிறதே?

இடிக்கத்தான் செய்யும். ஒரே ஆள் பல இடத்தில் வந்து உட்கார்ந்திருப்பார். மாமன் மகளைக் கட்டிக்கொண்ட ஒருவரை எடுத்துக்கொள்ளுங்கள். அவருடைய அம்மாவும், பெண்ணின் அப்பாவும் கூடப் பிறந்தவர்கள். ஆகவே ஒரு தாத்தா பாட்டி இரண்டு பேருக்கும் பொது. இந்தத் தம்பதிக்குப் பிறக்கும் குழந்தைக்குக் கொள்ளுத்தாத்தா, கொள்ளுப்பாட்டி மொத்தம் எட்டுப் பேர் அல்ல, ஆறே பேர். இப்படி ஒவ்வொரு தலைமுறையிலும் சொந்தத்துக்குள்ளே கொடுத்து வாங்கினால், மேலே விரிந்துகொண்டே போகிற மரம் ஓர் இடத்துக்குப் பிறகு சுருங்கத் தொடங்கும். தூரத்துச் சொந்தம், சொந்தமே தெரியாத சொந்தம் என்று உலகத்தில் எல்லாக் குடும்பங்களிலும் இதுதான் நடந்திருக்கிறது. நம் ஊரில் கொஞ்சம் சீக்கிரமாக நடந்திருக்கும், அவ்வளவுதான்.

மரபியல் மருத்துவர்கள் குடும்ப மரம் வரைய ஒரு முறை வைத்திருக்கிறார்கள். ஆணுக்குச் சதுரம், பெண்ணுக்கு வட்டம். தம்பதியை இணைக்க ஒரு கோடு. சொந்தத்தில் கல்யாணம் என்றால் இரட்டைக் கோடு. இறந்துபோனவர்மேல் குறுக்கே ஒரு சாய்கோடு. "உங்க வீட்டுல யாருக்காவது சர்க்கரை இருந்துச்சா?" என்று டாக்டர் கேட்பது வெறும் விசாரிப்பு இல்லை. சில நோய்கள் குடும்ப வழியில் வரக்கூடியவை. அதிலும் இரட்டைக் கோடு இருக்கும் இடத்தில், இரண்டு பக்கமும் மறைந்திருக்கும் ஒரே பழுது குழந்தையிடம் ஒன்றுசேர வாய்ப்பு கூடுதல். அதனால்தான் அந்தக் கோட்டை மறக்காமல் போடுகிறார்கள்.

கொங்கு நாட்டில் முன்னோரை நினைவில் வைக்க இன்னொரு ஏற்பாடும் உண்டு, கூட்டம் என்னும் குலப் பிரிவு. ஆந்தை, காடை என்று பெயர்கள் இருக்கும். ஒரே கூட்டத்துக்காரர்கள் பங்காளிகள், அவர்களுக்குள் கல்யாணம் கிடையாது. குலதெய்வக் கோயிலில் பொங்கல் வைக்கும்போது எல்லாரும் கூடுவார்கள். இந்தக் கூட்டம் அப்பாவிடமிருந்து மகனுக்குப் போகும், மகனிடமிருந்து பேரனுக்குப் போகும். நம் உடம்பிலும் அப்படியே போகிற ஒன்று இருக்கிறது. ஒய் குரோமோசோம். அது ஆண்களிடம்மட்டும் இருப்பது, தகப்பனிடமிருந்து மகனுக்கு ஏறக்குறைய மாறாமல் போவது. இதை வைத்துத்தான், இந்த நூற்றாண்டின் தொடக்கத்தில், மதுரை காமராசர் பல்கலைக்கழகப் பேராசிரியர் பிச்சப்பனும் அவரோடு சேர்ந்த ஆய்வாளர்களும் மதுரைக்குப் பக்கத்து ஊர்க்காரர் ஒருவரிடம் எம்130 என்னும் மிகப் பழைய அடையாளத்தைக் கண்டார்கள். ஆஸ்திரேலியப் பழங்குடிகளிடமும் இருக்கிற அடையாளம் அது. ஆப்பிரிக்காவிலிருந்து கடலோரமாக நடந்து வந்த ஆதி மனிதர்களின் தடம்.

அப்படியென்றால் அம்மாக்கள் எங்கே போனார்கள்? கூட்டத்தின் பெயரில் அமுச்சி இல்லை. அவருடைய அம்மாவும் இல்லை. கேட்டுப் பாருங்கள், "அவங்க வேற ஊருங், வேற கூட்டமுங்" என்று பேச்சு முடிந்துவிடும்.

உடம்பு அப்படி முடித்துவிடவில்லை. நம் உடம்பின் பல வகைச் செல்களுக்குள் மைட்டோகாண்ட்ரியா என்ற நுண்ணுறுப்புகள் நூற்றுக்கணக்கில் இருக்கின்றன. சாப்பாட்டிலிருந்து செல்லுக்கு வேண்டிய சக்தியை எடுத்துத் தருவது அவற்றின் வேலை. அவற்றுக்கென்று தனியாக ஒரு குட்டி டி.என்.ஏ. வளையம் உண்டு. 16,569 எழுத்துகள், 37 மரபணுக்கள், அவ்வளவே. குழந்தை உருவாகும்போது அப்பாவின் உயிரணுவில் இருக்கும் மைட்டோகாண்ட்ரியா அழிந்துவிடும். அம்மாவின் கருமுட்டையில் இருப்பவைதான் நிலைக்கும். ஆகவே ஆண் பிள்ளையானாலும் பெண் பிள்ளையானாலும் உங்களிடம் இருப்பது அம்மாவுடையது, அமுச்சியுடையது, அமுச்சிக்கு அம்மாவுடையது. பெயரே தெரியாத அந்தக் கொள்ளுப்பாட்டி தந்ததை வைத்துத்தான் இப்போது நீங்கள் இந்தப் பக்கத்தைப் புரட்டுகிறீர்கள். ஆனால் பையன்கள் அதைத் தங்கள் பிள்ளைகளுக்குத் தர முடியாது. உங்கள் தங்கைதான் தர முடியும். அவளிடம் கொஞ்சம் மரியாதையாக நடந்துகொள்வது நல்லது.

அமுச்சியின் இந்தச் சங்கிலி என்ன செய்யும் என்று அர்ஜென்டினாவில் பார்த்தார்கள். அங்கே 1976 முதல் 1983 வரை ராணுவ ஆட்சி. எதிர்த்தவர்களைப் பிடித்துக்கொண்டு போய்க் காணாமல் ஆக்கினார்கள். அவர்களுடைய கைக்குழந்தைகளை வேறு வீடுகளில் வேறு பெயர்களில் வளர்க்கக் கொடுத்துவிட்டார்கள். பேரப்பிள்ளைகளைத் தேடி 1977-இல் பாட்டிகள் ஒன்று சேர்ந்தார்கள். அம்மா அப்பா இருவரும் உயிரோடு இல்லை, பின் இந்தக் குழந்தை எங்கள் பேத்தி என்று எப்படி நிரூபிப்பது? மேரி-கிளேர் கிங் என்ற அமெரிக்க மரபியலாளர் 1984-இல் அவர்களுக்குத் துணையாக வந்தார். மைட்டோகாண்ட்ரியா டி.என்.ஏ. அந்த வேலையில் பெரிய ஆயுதமாயிற்று. நடுவில் அம்மா இல்லாவிட்டாலும், அம்மாவைப் பெற்ற பாட்டியிடமும் பேரப்பிள்ளையிடமும் இருப்பது ஒன்றேதானே! இதுவரை 130-க்கும் மேற்பட்ட பேரப்பிள்ளைகளை அந்தப் பாட்டிகள் கண்டுபிடித்துவிட்டார்கள்.

அம்மாவின் பெயரைத் தன் பெயரோடே சுமந்த ஒருவர் நம் கொடுமுடியில் பிறந்தார், 1908-இல். கே.பி.சுந்தராம்பாள். 'கே' கொடுமுடி, 'பி' பாலாம்பாள், அவரைப் பெற்ற தாய். 1953-இல் வந்த 'ஔவையார்' படத்தில் பாட்டியாக நடித்தவர் இவரே. அவர் பாடிய அந்தக் காலத்து இசைத்தட்டு எதனால் செய்தது தெரியுமா? அரக்குப் பூச்சி மரக்கிளையில் சுரக்கும் பிசினால். நிமிடத்துக்கு 78 சுற்று சுற்றும், ஒரு பக்கத்துக்கு மூன்று நிமிடம் போலப் பாடும். பூச்சிப் பிசினில் கீறிய கோட்டுக்குள் அந்தக் குரல் இன்னும் இருக்கிறது. எந்த செல்லாலும் இதைச் செய்ய முடியாது.

ஏனென்றால் உடம்பின் ஞாபகமும் அரைகுறைதான். மைட்டோகாண்ட்ரியா ஒரு வழியைமட்டும் வைத்துக்கொள்ளும், ஒய் குரோமோசோம் இன்னொரு வழியைமட்டும். மற்ற டி.என்.ஏ. ஒவ்வொரு தலைமுறையிலும் பாதி கழிந்து பாதிதான் இறங்கும். பத்துப் பதினைந்து தலைமுறைக்கு அப்பால் போனால், நம் முன்னோர்களில் பெரும்பாலானவர்களின் டி.என்.ஏ. ஒரு துண்டுகூட நம்மிடம் இருக்காது. அவர்கள் இல்லாமல் நாம் இல்லை, ஆனாலும் நம் உடம்பில் அவர்கள் இல்லை. அந்த இடத்தில் எழுத்தும் குரலும்தான் கைகொடுக்க வேண்டும்.

பெரிய வீடுகளுக்கு அந்தக் கவலை இல்லை. 1821-இல் இறந்த காலின் மெக்கன்சி என்ற நிலஅளவைத் துறைத் தலைவர், ஊர் ஊராக ஆளனுப்பிப் பாளையக்காரர்களின் வம்சாவளிகளை எழுதி வாங்கினார். அதுபோல 1965-இல் காங்கேயம் பக்கத்து ஓலப்பாளையத்தில் தங்கியிருந்த மானிடவியலாளர் பிரெண்டா பெக், அண்ணன்மார் கதையை இரவிரவாக டேப்பில் பதிவு செய்தார். அதுவும் ஒரு குடும்பத்தின் தாத்தா, மகன், பேரன்கள் என்று மூன்று தலைமுறைக் கதைதான். நம் வீட்டுக்கு மெக்கன்சி வரப்போவதில்லை. நீங்கள்தான் போக வேண்டும்.

எங்கே? முதலில் மொய் நோட்டு. பரண்மேலோ, தகரப் பெட்டிக்குள்ளோ, பழைய கல்யாண மொய் நோட்டு ஒன்று கட்டாயம் இருக்கும். அதைவிட நேர்மையான குடும்ப வரலாற்றுப் புத்தகம் கிடையாது என்பது என் கட்சி. ஊஞ்சலூர், சாலைப்புதூர், சிவகிரி என்று ஊர்ப்பெயர், அதற்குப் பக்கத்தில் ஆள் பெயர், ரூபாய். யார் தாய்மாமன், யார் பெரியப்பா வகையறா என்று பெரியவர்கள் உட்கார்ந்து ஒவ்வொரு வரியாகச் சொல்வார்கள். அந்த ஊர்களை ஒரு வரைபடத்தில் புள்ளி வைத்துப் பாருங்கள். உங்கள் குடும்பம் பெண் கொடுத்ததும் எடுத்ததும் எவ்வளவு தூரத்துக்குள் என்பது கண்ணுக்குத் தெரியும். தாத்தா காலத்து நோட்டில் புள்ளிகள் நெருக்கமாகவும், அப்பா காலத்து நோட்டில் திருப்பூர், கோவை என்று சிதறியும் கிடந்தால் அதுவே ஒரு கண்டுபிடிப்பு.

நோட்டு மஞ்சளாகி ஓரம் பொடிந்திருக்கும். மலிவான காகிதத்தில் மரத்தின் லிக்னின் என்ற பொருள் மிச்சம் இருக்கும். வெளிச்சமும் காற்றும் பட்டால் அது பழுக்கும், காகிதத்தில் ஊறும் அமிலம் நாரை நொறுக்கும். கிழிந்த இடத்தில் செல்லோ டேப் ஒட்டாதீர்கள், சில வருஷத்தில் பழுப்புக் கறைதான் மிஞ்சும். லேமினேஷனும் வேண்டாம், சூட்டில் ஒட்டியதைத் திரும்பப் பிரிக்க முடியாது. துருப்பிடித்த பின்னை மெல்லக் கழற்றுங்கள், பக்கம் பக்கமாகப் படம் எடுங்கள், இராமபாணப் பூச்சி புகாத உலர்ந்த பெட்டியில் வையுங்கள். பழைய போட்டோவின் பின்னால் பெயர் எழுத மைப் பேனா வேண்டாம், பென்சிலே போதும், அழுத்தாமல்.

அடுத்தது ஆள். போனில் பதிவை ஓடவிட்டு அமுச்சி பக்கத்தில் உட்காருங்கள். "எப்பப் பொறந்தீங்?" என்று கேட்டால் தேதி வராது. "தாது வருசத்துல" என்பார். தமிழ் வருஷப் பெயர்கள் அறுபது ஆண்டுக்கு ஒருமுறை திரும்ப வரும். தாது 1876-இல் வந்தது, 1936-இல் வந்தது, 1996-இல் வந்தது. 1876-இன் தாது வருஷப் பஞ்சம்தான் ஊரெல்லாம் பேசும் பஞ்சம். உங்கள் அமுச்சி எந்தத் தாது என்று நீங்களே கணக்குப் போட்டுக்கொள்ளலாம். மேட்டூர் அணை கட்டி முடித்தது 1934. "அணை கட்டுனதுக்கு முன்னாலயா பின்னாலயா?" என்று கேட்டால் இன்னும் சில வருஷங்கள் பிடிபடும். ஒரே கதையைச் சின்ன அமுச்சியிடமும் தனியாகக் கேளுங்கள். மூளை நினைவை எடுக்கும்போதெல்லாம் அதைப் புதிதாகக் கட்டுகிறது என்று இங்கிலாந்து உளவியலாளர் பார்ட்லெட் 1932-இலேயே எழுதினார். அதனால் இரண்டு பேர் சொல்வது ஒத்துப்போகாவிட்டால் யாரோ பொய் சொல்கிறார் என்று அர்த்தமில்லை. இரண்டையும் எழுதி வையுங்கள்.

போவதற்கு முன் ஒரு புதிர். ஒருவர் தன் அக்கா மகளைக் கட்டிக்கொண்டார். அவர்களுக்கு ஒரு பெண் குழந்தை. அந்தக் குழந்தைக்கு அப்பாரு முறையில் இருப்பவரே கொள்ளுத்தாத்தாவும் ஆகிறார். எப்படி? சதுரம், வட்டம், இரட்டைக் கோடு போட்டு வரைந்து பாருங்கள். வரைந்தபின் இன்னொன்றையும் பாருங்கள்: அந்தக் குழந்தையின் மைட்டோகாண்ட்ரியா, அந்த அப்பாருவின் மனைவியிடம் போய்ச் சேருகிறதா, இல்லையா?